பள்ளிவாசல் படியில் அந்தத் தகப்பனை நிறுத்தாதீர்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேசப் போவது நீங்கள் பல முறை பார்த்த ஒரு காட்சியைப் பற்றி. ஜும்ஆ தொழுகையில் இமாம் ஸலாம் கொடுத்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார். கையில் ஏதோ ஓர் ஊர் ஜமாஅத்தின் லெட்டர்பேடு. அதோடு ஒரு குழந்தையின் போட்டோ. அந்தக் குழந்தையின் தலையில் முடி இருக்காது. "என் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய்..." என்று அவர் தொடங்குவதற்குள் பாதிப் பேர் சுன்னத் தொழ எழுந்திருப்போம். மீதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம். அவர் வாசற்படியில் துண்டை விரித்துக்கொண்டு நிற்பார். பத்து ரூபாய் விழும், இருபது விழும். கடை வியாபாரம் நன்றாக நடந்த வாரமாக இருந்தால் நூறும் விழும். அத்தோடு நம் கடமை முடிந்தது என்று பிரியாணிக்குப் போய்விடுவோம்.

நானும் அந்தத் துண்டில் போட்டவன்தான். அதனால்தான் இதைப் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பயான் செய்துவந்த பள்ளிக்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் வந்தார். மீன் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். நானே மைக்கைப் பிடித்து உருக்கமாகப் பேசினேன். 7,400 ரூபாய் சேர்ந்தது. எனக்குள் ஒரு பெருமை. ஐந்தாறு மாதம் கழித்து அதே மனிதரைப் பாரிமுனையில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். "புள்ள நல்லாயிட்டா ஹஜ்ரத். முடி மொளைச்சிருச்சு. ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம்" என்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ரமளானில் விசாரித்தபோது அந்தக் குழந்தை மவுத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பிறகுதான் ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டேன். அந்தக் குழந்தைக்கு வந்தது, குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படும் வகை. அதற்கு வைத்தியம் ஓர் ஆபரேஷனோடு முடிவதில்லை. இரண்டு ஆண்டு, இரண்டரை ஆண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு நடக்கும். முதல் நான்கைந்து வாரத்திலேயே பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் போய்விடாது, ஒளிந்திருக்கும். அதை வேரறுக்க இன்னும் சில மாதம் கடுமையான மருந்து. அதன்பின் ஒன்றரை, இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தபடி தினமும் மாத்திரை, அவ்வப்போது ஆஸ்பத்திரியில் பரிசோதனை. முடி முளைப்பதும், முகம் தெளிவதும், பிள்ளை ஓடி விளையாடுவதும் இந்த நடுக்காலத்தில்தான். அப்போது நிறுத்தினால் நோய் திரும்பி வரும். திரும்பி வந்தால் முதலில் கேட்ட மருந்துக்கு அது கட்டுப்படுவது அரிது.

அந்தத் தகப்பன் நிறுத்தியது எதனால்? மருந்து விலையால் அல்ல. அந்தக் கட்டத்து மாத்திரைகள் விலை குறைந்தவை. வேனை விற்றாயிற்று. மனைவியின் நகை அடகில். மகளோடு சென்னைக்கு வந்து போகப் பணம் இல்லை, வந்தால் அன்றைய கூலி இல்லை. "முடி முளைச்சிருச்சு" என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார் போலும். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று பதில் சொன்னேன்!

பிழைக்கக்கூடிய குழந்தைகள்

"புற்றுநோய் என்றால் முடிந்தது, கலா கத்ர்" என்று பேசுகிற பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சகோதரர்களே, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைக் கேளுங்கள். ஆண்டுதோறும் உலகில் 19 வயது வரையிலான சுமார் 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. நோய் ஒன்றுதான். மருந்துகளும் பெரும்பாலும் பழையவை. அவற்றில் முக்கியமான ஒன்று, 1960களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருப்பது, எதிலிருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் கபர்ஸ்தான்களில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிறதே, அதே செடி!

அப்படியானால் ஏழைக் குழந்தை மட்டும் ஏன் சாகிறது? தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒரு காரணம். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளுத்துப் போதல், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு, எலும்பு வலி, இரவில் கண்மணியில் பூனைக்கண் போல வெள்ளை ஒளி - இவற்றைக் கண்டும் தாயத்துக்கும் ஓதிய தண்ணீருக்கும் மூன்று மாதத்தைக் கொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த சமுதாயம் மருந்தைத் தேடாமல் கயிற்றைத் தேடுவது எவ்வளவு பெரிய வெட்கம்! இன்னொரு காரணம் நாம் பேசிக்கொண்டிருப்பது: பாதியில் நிறுத்துவது. அதை டாக்டர்களால் தடுக்க முடியாது. உங்களால் முடியும்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆகும் செலவு

"அரசு இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதே, பிறகெதற்கு வசூல்?" என்று ஒரு வணிகர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடக்கம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கி வைத்தது அது. 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையார் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே பிழைத்து வந்திருக்கிறார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும். குடும்பத்துக்குக் கொடுக்காது. கடும் மருந்து ஏறும் மாதங்களில் குழந்தையின் வெள்ளையணுக்கள் சரிந்துவிடும். அப்போது வரும் சாதாரணக் காய்ச்சலும் உயிருக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தொண்டியிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ ராத்திரி பஸ் பிடித்து வருகிற காரியமா இது? ஆகவே ஆறு மாதம், எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கியாக வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட தங்கல்? கொதிக்க வைத்த தண்ணீர், அப்போதே சமைத்த சாப்பாடு, சுத்தமான கழிப்பிடம். லாட்ஜில் இது நடக்குமா? பிளாட்பாரத்தில் நடக்குமா? அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிக்கப் போனால், நோய்ப் பிள்ளை என்று தெரிந்ததும் ஓட்டிக்கொள்ளும் என்று பயந்து கதவைச் சாத்துகிறார்கள். புற்றுநோய் ஒட்டுவதில்லை. சாத்தியவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

தாய் இங்கே. ஊரில் பாட்டியிடம் விட்ட மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தடைப்படும். தகப்பன் உள்ளூர் என்றால் கூலி போயிற்று. வளைகுடாவில் என்றால், வேலையை விட்டு வந்தால் பணம் நிற்கும், வராவிட்டால் பிள்ளையைப் பார்க்க முடியாது. இந்த இடத்தில்தான் அவன் மீட்டர் வட்டிக்காரன் வாசலுக்குப் போகிறான். வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிற நாம், அவனுக்கு வேறு எந்த வாசலைத் திறந்து வைத்திருந்தோம்?

ஒரு கணக்கு எண்ணின் கதை

எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் ஒரு குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதன் பெயர் ஓர் எண்: 57357. நன்கொடை செலுத்தும் வங்கிக் கணக்கு எண் அது. அந்த எண்ணே ஊர் முழுக்கப் பழகி, மருத்துவமனையின் பெயராக நின்றுவிட்டது. ஒரு பவுண்டு ஆனாலும் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். ரிக்‌ஷாக்காரனும் கொடுத்தான், பள்ளிச் சிறுவனும் கொடுத்தான். 2007 ஜூலை 7 அன்று திறந்தார்கள். முஸ்லிம் குழந்தையானாலும் கிப்தி கிறிஸ்தவக் குழந்தையானாலும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 2018-ல் அதன் கணக்கு வழக்கு பற்றிப் பத்திரிகையில் பலத்த கேள்விகளும் எழுந்தன. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மக்கள் பணத்தில் நடப்பதை மக்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

லாகூரில் தாயைப் புற்றுநோய்க்கு இழந்த ஒரு கிரிக்கெட் வீரர், இம்ரான் கான், தெருத்தெருவாக நிதி திரட்டி 1994 டிசம்பரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அங்கே ஏழை நோயாளிகளின் செலவில் பெரும் பங்கு ஜக்காத் பணத்திலிருந்து போகிறது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையை 1962-ல் தொடங்கியவர் லெபனானிலிருந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்தின் மகனான டானி தாமஸ் என்ற நடிகர். நிதிக்காக அவர் போய் நின்றது தம் அரபு வம்சத்தாரிடம். அங்கே சிகிச்சைக்கு மட்டுமல்ல, பயணத்துக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் குடும்பத்துக்கு பில் போவதில்லை. நோய்க்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, குடும்பம் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

நான் உங்களிடம் மருத்துவமனை கட்டச் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அடிக்கல் நாட்டு விழாவுக்கே பாதிப் பணம் போய்விடும், நம்மை நமக்குத் தெரியாதா! மும்பையில் 2006-ல் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா என்ற அமைப்பு, புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்கள் இலவசமாகத் தங்க இல்லங்கள் நடத்துகிறது. சென்னையிலும் வேலூரிலும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, தனி அடுப்பு. அங்கே இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்களுக்காகத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

ஜக்காத் யாருக்கு?

இப்போது வணிகர்களிடம் மட்டும் பேசுகிறேன். "அவருக்குச் சொந்த வீடு இருக்கிறதே, ஜக்காத் கூடுமா?" என்று கேட்கிறீர்கள். சூரா தவ்பாவின் 60-ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. நாம் ஃபக்கீர், மிஸ்கீன் என்ற இரண்டோடு நின்றுவிட்டோம். கடனாளி எங்கே? வழிப்போக்கர் எங்கே? ஊரில் கூரை வீடும் நான்கு ஆடும் இருக்கிற ஒருவன் பிள்ளையின் வைத்தியத்தில் கடன்பட்டு முழுகினால் அவன் கடனாளிப் பங்குக்கு உரியவன். ஊரில் வசதி இருந்தும் சென்னையில் கையில் காசில்லாமல் தவிப்பவன் வழிப்போக்கர் பங்குக்கு உரியவன். எல்லாவற்றையும் விற்றுத் தின்று பிச்சைக்காரன் ஆன பிறகு வா, அப்போது தருகிறேன் என்றா மார்க்கம் சொல்கிறது?

ஸஹீஹ் முஸ்லிமில் கபீஸா பின் முகாரிக் (ரலி) அவர்களின் செய்தி இருக்கிறது. யாசிப்பது மூன்று பேருக்கு மட்டுமே ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் அவரிடம் எண்ணிச் சொல்கிறார்கள். அதில் ஒருவர், பேரிடர் வந்து பொருளை அழித்துவிட்டவர். வாழ்க்கை நிலைபெறும் வரை அவர் கேட்கலாம். நிலைபெறும் வரை! ஒரு ஜும்ஆவுக்கு மட்டும் என்று இல்லை. வறுமைக்கு அவருடைய சமூகத்தில் விவரமான மூவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றும் அதே செய்தியில் வருகிறது. இன்றைய விசாரணைக் குழுவுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

"எங்கள் ஊர் ஜக்காத் எங்கள் ஊருக்கே" என்று கடற்கரை ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் எனக்கும் தெரியும். சரி, வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை உங்கள் ஊர்க் குழந்தைதானே? சிகிச்சைக்குச் சென்னை போனதால் ஊரை விட்டு நீங்கிவிட்டதா? "ரமளான் வரட்டும்" என்பது இன்னொரு பேச்சு. நோய் பிறை பார்த்து வருவதில்லை. அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் ஜக்காத்தை முன்கூட்டியே கொடுக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த ஹதீஸை ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள். இருபத்தேழாம் கிழமை வாசலில் ஆயிரம் பெண்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு சேலையும் ஐம்பது ரூபாயும் கொடுக்கிறீர்களே, அந்த ஆயிரம் பேரில் ஒருவருடைய வாழ்க்கையாவது அதனால் மாறியதுண்டா? வீட்டு வாடகை, கட்டடம் போன்றவற்றில் ஜக்காத்தைப் போடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபிகள் உரியவரின் கையில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு வழி எளிது. ஜக்காத்தை அந்தத் தாயின் கையில் கொடுங்கள், வாடகையை அவர் கொடுக்கட்டும். வீட்டு அட்வான்ஸையும் பாத்திரம் பண்டத்தையும் ஸதகாவில் போட்டுக்கொள்வோம். முஸ்லிமல்லாத குடும்பத்துக்கும் அந்த ஸதகாவிலிருந்து தடையின்றிக் கொடுக்கலாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற குழந்தையைத் தாண்டிப் போய் நம் குழந்தைக்கு மட்டும் பால் ஊற்ற முடியுமா?

நம் சகோதரர்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன். வாடகை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சிக்கனமாக மாதம் 15,000 ரூபாய். எட்டு மாதத்துக்கு 1,20,000. பிறகு ஊரிலிருந்து வந்து போகவும் இழந்த கூலிக்குமாக மாதம் 3,000 வீதம் 22 மாதத்துக்கு 66,000. ஆக மொத்தம் 1,86,000. பத்து லட்சம் ரூபாய் சரக்கு வைத்திருக்கும் கடைக்கு ஆண்டு ஜக்காத் 25,000. எட்டுக் கடை சேர்ந்தால் 2 லட்சம். எட்டுக் கடை, ஒரு குழந்தை! இந்தத் தெருவில் மட்டும் எத்தனை கடை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்களே!

உங்களிடம் பணம் கேட்கவில்லை. ரத்தம் கேட்கிறேன், கால் நடை கேட்கிறேன். இந்தச் சிகிச்சையில் பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் அடிக்கடி குறைந்து ரத்தக் கசிவு வரும். அதை எடுத்து ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே ஸ்டாக் வைப்பது கடினம், ஆள்தான் வேண்டும். மெஷின் மூலம் ஒருவரிடமிருந்து எடுக்கும் தட்டணு, சாதாரண முறையில் ஐந்தாறு பேர் கொடுக்கும் அளவுக்கு ஈடு. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த தாய் ராத்திரி பத்து மணிக்கு யாரைத் தெரிந்து யாரைக் கூப்பிடுவாள்? ஆஸ்பத்திரி வாசலில் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று காசு பறிக்கும் புரோக்கர்கள் அலைகிறார்கள். அவளுக்கு உங்கள் போன் நம்பர் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காகித வேலை. காப்பீட்டு அட்டையை நோய் வந்தபின் எடுக்க அலைகிறார்கள். 2022 ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது ஆண்டு வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போது தகுதி பெற்ற குடும்பங்களில் பலருக்கு அது இன்னும் தெரியாது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். உங்கள் மஹல்லாவில் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். ரயில் சலுகையும் அப்படித்தான். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போய் வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, உடன் செல்பவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். இது தெரியாமல் இரண்டு வருடம் முழு டிக்கெட் எடுத்த ஒரு தாயை நான் சந்தித்தேன். அவர் போய் வந்த ரயிலில் எத்தனை முறை நம் இயக்கத் தோழர்கள் மாநாட்டுக்குப் போயிருப்போம்!

போட்டோ விஷயம் ஒன்று பாக்கி. உதவி கொடுக்கும்போது குழந்தையை நடுவில் நிறுத்தி, காசோலையை அட்டை போலப் பிடித்து, இருபுறமும் ஏழு பேர் நின்று போட்டோ எடுக்கும் பழக்கத்தை நம் அமைப்பிலேயே கண்டேன். இனி வேண்டாம். நம் பத்திரிகையில் போடுவதற்கு வேறு செய்தி இல்லாமல் போகவில்லை. வரவு செலவு மட்டும் மாதாமாதம் பள்ளிவாசல் போர்டில் தொங்கட்டும். குடும்பத்தின் பெயர் அதில் இருக்க வேண்டாம், எண் இருந்தால் போதும்.

அந்த வேன் ஓட்டும் சகோதரரிடம் இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். தட்டணு தேவைப்படும் குடும்பங்களை ஆஸ்பத்திரியில் ஏற்றி இறக்க வாரத்தில் ஒரு நாள் வண்டி ஓட்டித் தருகிறேன் என்கிறார். வண்டி நம்மிடம் இல்லை. வாசலில் இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம். ஒன்றில் இளைஞர்கள் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எழுதுங்கள். மற்றதில் கடைக்காரர்கள் எட்டு எட்டுப் பேராக எழுதுங்கள். வண்டி தரக்கூடியவர் இருந்தால் என்னிடம் வாருங்கள், இஷா வரை இங்கேதான் இருப்பேன். வஸ்ஸலாமு அலைக்கும்.